சாக்கடையில் கலக்கும் முன்னே தடுத்து நிறுத்து!

(சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர் பாயப் போகும் கிராமங்களில் நமது சங்கம் ஆற்றி வரும் உரை)



நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வரும் தண்ணீரை நம்ம வாய்க்காலில் விடப் போறோம் என்கிறார்கள். அங்கே சேரும் கசடை உரமாகத் தரப் போறோம், லாரி வாடகை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. கடைமடையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிற நமக்கு வருஷம் முழுவதும் வரக்கூடிய தண்ணீர் என்றால் வாய் ஊறத்தான் செய்யும். யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிற நமக்கு இலவச உரம் என்றால் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

நாங்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஊர்ச் சாக்கடை ஆற்றில் அப்படியே விழுவதைவிட, சுத்தம் செய்து வயலுக்கு வருவது நல்லதுதான். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஆனால் வாங்குகிற மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நம்மில் யாரும் சந்தையிலிருந்து ஓட்டி வருவதில்லை. இந்தத் தண்ணீரையும் அப்படிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்கே பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நிலையம் எதைச் சுத்தம் செய்கிறது?

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நடப்பது மந்திரம் இல்லை. முதலில் கம்பி வலையில் பிளாஸ்டிக், துணி, குச்சி எல்லாம் மாட்டிக் கொள்ளும். அடுத்த தொட்டியில் மணல் அடியில் தங்கும். அதற்கு அடுத்த தொட்டியில் கனமான அழுக்கு கீழே படியும். பிறகு காற்றை ஊதுகிற தொட்டி. அங்கேதான் முக்கிய வேலை. நம்ம எருக்குழியில் சாணியையும் குப்பையையும் மக்க வைக்கிற அதே வகை நுண்ணுயிர்கள், அந்தத் தொட்டியில் கோடிக்கணக்கில் வளர்ந்து மலத்தையும் சோற்றுக் கஞ்சியையும் எண்ணெயையும் தின்கின்றன. தின்று கொழுத்த நுண்ணுயிர்கள் கடைசித் தொட்டியில் அடியில் படிந்து கசடாகின்றன. மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் குளோரின் போட்டு வெளியே விடுகிறார்கள்.

ஆக, மக்கக் கூடிய பொருள் மக்கிப் போகும். ஆனால் ஈயம் மக்குமா? குரோமியம் மக்குமா? காட்மியம், நிக்கல், பாதரசம் மக்குமா? உலோகத்தை எந்தப் புழுவும் தின்று தீர்க்காது. எரித்தாலும் சாம்பலிலோ புகையிலோ இருக்கும், புதைத்தாலும் இருக்கும். உள்ளே 10 கிலோ குரோமியம் போனால் வெளியே 10 கிலோ வந்தே தீரும். எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி. வாசல் இரண்டுதான். ஒன்று தண்ணீர், இன்னொன்று கசடு. ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் கசடில் ஒட்டிக் கொள்ளும். நிக்கலில் பெரும்பங்கு தண்ணீரோடு வெளியே போகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தண்ணீர் எங்கே வருகிறது? நம்ம வாய்க்காலுக்கு. கசடு எங்கே வருகிறது? நம்ம களத்துக்கு, உரம் என்ற பெயரில். இரண்டு வாசலும் நம்ம நிலத்தைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது!

இன்னொரு விஷயம். உலோகம் அதிகமாக வந்தால் அந்தக் காற்றுத் தொட்டியில் இருக்கிற நுண்ணுயிர்களும் செத்துப் போகும். அப்புறம் மலத்தைச் சுத்தம் செய்யவும் ஆள் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நிலையம் வெறும் தொட்டியாக நிற்கும்.

"கலந்தால் குறைஞ்சிடும்" என்பது எந்தக் கணக்கு?

அதிகாரிகளிடம் கேட்டால், "ஊர்த் தண்ணீரோடு கலந்தால் அளவு குறைஞ்சிடும், பயப்படாதீங்க" என்பார்கள். லிட்டர் கணக்கில் குறையும், உண்மைதான். கிலோ கணக்கில் குறையாது.

ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் சாக்கடை வருகிற நிலையம் என்று வைத்துக் கொள்வோம். லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் குரோமியம். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஒரு கோடி லிட்டருக்கு அது 10 கிலோ. வருஷத்துக்கு 3,650 கிலோ. பத்து வருஷத்துக்கு 36 டன்னுக்கு மேல்.

நம்ம வயல் கணக்குக்கு வருவோம். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு நிக்கல் இருந்தால்கூட, ஒரு போகத்தில் ஏக்கருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வந்து இறங்கும். அடுத்த போகத்துக்கு இன்னொரு அரைக் கிலோ. தண்ணீர் ஆவியாகி வானத்துக்குப் போய்விடும். உலோகத்தில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும்.

கசடின் கணக்கு இன்னும் மோசம். கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் இருக்கிற கசடை ஏக்கருக்கு 10 டன் அடித்தால் 5 கிலோ குரோமியத்தை நாமே கூடையில் சுமந்து போய்க் கொட்டுகிறோம் என்று அர்த்தம்.

நெல், கீரை வகைகள் காட்மியத்தை வேர் வழியாக உறிஞ்சி மேலே ஏற்றும். ஈயம் மண்ணோடு ஒட்டி, கீரையில் படிந்த புழுதியோடு வீட்டுக்கு வரும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். ஜப்பானில் தொயாமா என்ற மாவட்டத்தில் சுரங்கத்தின் காட்மியக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் நெல் வயலுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எலும்பு சும்மா தொட்டாலே முறியும் நிலை வந்தது. வலி தாங்காமல் அவர்கள் "இத்தாய், இத்தாய்" என்று கத்தியதே அந்த நோய்க்குப் பெயராகிவிட்டது. அதற்கு "வலிக்குது, வலிக்குது" என்று பொருள். 1968-ல்தான் அந்நாட்டு அரசு காரணத்தை ஒப்புக் கொண்டது. பிறகு வயல்களின் மண்ணையே மாற்ற வேண்டி வந்தது. பணக்கார நாடு, செய்தார்கள். நம்ம ஊரில் யார் வந்து நம்ம ரெண்டு ஏக்கருக்கு மண் மாற்றித் தருவார்கள்?

இது எங்கிருந்து வருகிறது?

வீட்டுச் சாக்கடையில் மனிதக் கழிவும் சோப்பும்தானே வரும், ஈயமும் குரோமியமும் எப்படி வரும் என்று கேட்கலாம். நகரத்துக்குள் நடந்து பாருங்கள். வண்டி உதிரிபாகங்களுக்கு நிக்கல், குரோமியம், துத்தநாகம் முலாம் பூசும் பட்டறைகள். தோல் பதனிடும் ஆலைகள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் இடங்கள். பாத்திரத்துக்கு மெருகு போடும் கடைகள். நகைப் பட்டறைகள். ஒரு காலத்தில் கே.டி.எம். நகை என்று பெருமையாக வாங்கினோமே, அந்த எழுத்துகள் காட்மியத்தைக் குறிப்பவைதான். பொடி வைத்து ஒட்டுவதற்குக் காட்மியம் சேர்த்தார்கள். பல் மருத்துவரிடம் போய் வெள்ளி நிறத்தில் அடைத்துக் கொள்கிறோமே, அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். வாயைக் கொப்பளித்துத் துப்பும்போது அதில் கொஞ்சம் சாக்கடைக்குப் போகிறது.

இந்தப் பட்டறைத் தொழிலாளிகள் நமக்குப் பகைவர்கள் இல்லை. விவசாயம் பொய்த்துப் போய் நகரத்துக்குப் பிழைக்கப் போன நம்ம பிள்ளைகள்தான் அங்கே கையுறைகூட இல்லாமல் அமிலத்தில் கை வைத்து நிற்கிறார்கள். நமக்கு முன்னால் அந்த நஞ்சைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். பட்டறையை மூடு என்பது நம்ம கோரிக்கை இல்லை. பட்டறையின் நஞ்சைப் பட்டறைக்குள்ளேயே பிடி என்பதுதான் நம்ம கோரிக்கை.

கான்பூர் விவசாயிகள் பட்ட பாடு

கலந்த பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம் என்று நம்பியதால் என்ன ஆனது என்பதற்கு நம்ம நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் கான்பூர். அதன் ஜாஜ்மாவு பகுதியில் சுமார் 400 தோல் ஆலைகள். 1986-ல் கங்கை செயல் திட்டம் தொடங்கியது. நெதர்லாந்து நாட்டு உதவியோடு 1990-களில் அங்கே நாளுக்கு 3 கோடியே 60 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் கட்டினார்கள். அதில் 90 லட்சம் லிட்டர் தோல் ஆலைக் கழிவு. மிச்சம் 2 கோடியே 70 லட்சம் லிட்டர் ஊர்ச் சாக்கடை. ஒரு பங்கு ஆலைக் கழிவுக்கு மூன்று பங்கு சாக்கடை சேர்த்துக் கலக்கிச் சுத்தம் செய்வது திட்டம்.

ஆலைக்குள்ளேயே குரோமியத்தை மீட்டு எடுத்துவிட வேண்டும் என்பது இதன் அடிப்படை நிபந்தனை. பல ஆலைகள் அதைச் சரியாகச் செய்யவில்லை. குரோமியம் நிலையத்துக்குள் வந்தது. இரண்டு வாசல் வழியாகவும் வெளியே போனது. கசடு திறந்தவெளியில் குவிந்தது. தண்ணீர் பாசன வாய்க்கால் வழியாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பாய்ந்தது. அந்தக் கிராமங்களின் மண்ணிலும் காய்கறியிலும் குரோமியம் மற்ற இடங்களைவிட அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்தது. முன்பு வெறும் ஊர்ச் சாக்கடை பாய்ந்தபோது நன்றாக விளைந்த பூமி, கலப்புத் தண்ணீர் வந்த பிறகு கெட்டுப் போனதாக விவசாயிகள் முறையிட்டார்கள். அவர்களும் முதலில் தண்ணீர் வருகிறதே என்று சந்தோஷப்பட்டவர்கள்தான்.

நம்ம மாநிலத்துக்கு வருவோம். பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு விவரம், 28.8.1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதே பாலாற்று விவசாயிகளின் இழப்பீட்டுக்காக 30.1.2025-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு, மாசு செய்தவர்களிடம் வசூல் செய்துகொள் என்று அரசுக்குச் சொன்னது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் 28 வருஷத்துக்கு மேல்! முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும். கெட்ட பிறகு நீதி கேட்டால் இவ்வளவு காலம் ஆகும். அதனால்தான் கெடும் முன்னே பேசுகிறோம்.

சான்றிதழில் இல்லாத வரி

"சோதனை செய்து பாஸ் ஆன தண்ணீர்தான் விடுவோம்" என்று நகராட்சி சொல்லும். அந்தச் சோதனைக் காகிதத்தை வாங்கிப் பாருங்கள். எதற்குப் பாஸ் போட்டிருக்கிறார்கள்?

கழிவுநீர் நிலையங்களுக்காக மத்திய அரசு 2017 அக்டோபரில் வெளியிட்ட அளவுகோலில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. அமில காரத் தன்மை, பி.ஓ.டி. என்கிற அழுக்கின் அளவு, மிதக்கும் துகள், மலக் கிருமி. அவ்வளவுதான். ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, குரோமியம் இல்லை.

1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் பொதுவான அளவுப் பட்டியல் ஒன்று உண்டு. ஆற்றில் விட ஒரு கட்டம், பொதுச் சாக்கடையில் விட ஒரு கட்டம், பாசன நிலத்தில் விட ஒரு கட்டம், கடலில் விட ஒரு கட்டம். பாசன நிலத்துக்கான கட்டத்தில் ஆர்செனிக்குக்கு அளவு போட்டிருக்கிறது. ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், பாதரசம் இருக்கிற வரிசைகளில் அந்தக் கட்டம் வெறும் கோடு! ஆற்றில் மீனுக்கு அளவு இருக்கிறது. நம்ம வயலுக்கு அளவு இல்லை.

ஆக, நூற்றுக்கு நூறு உண்மையான சான்றிதழ் கையில் இருக்கும்போதே நம்ம வயலில் உலோகம் இறங்கலாம். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியே கேட்காத காகிதத்தில் பதில் எப்படி வரும்?

நம்ம கையில் இருக்கிற மண்வள அட்டையும் இதற்கு உதவாது. அதில் 12 விவரம் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அங்ககக் கரிமம், உப்பு நிலை, அமில காரத் தன்மை. ஈயமும் காட்மியமும் அதில் பார்ப்பதில்லை.

அப்படியானால் சட்டத்தில் பிடியே இல்லையா? இருக்கிறது. அதே 1986 விதிப் பட்டியலில் "பொதுச் சாக்கடை" என்கிற கட்டத்தைப் பாருங்கள். சாக்கடையில் விடுகிற கழிவில் லிட்டருக்கு ஈயம் 1 மில்லிகிராம், காட்மியம் 1, மொத்தக் குரோமியம் 2, நிக்கல் 3, பாதரசம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சட்டம் காவலாளியை நிறுத்தி வைத்திருப்பது பட்டறையின் சாக்கடை வாயில். நாமும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

கசடுக்கும் பிடி உண்டு. நகரக் கம்போஸ்ட் உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உலோக அளவு இருக்கிறது. கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100, பாதரசம் 0.15, ஆர்செனிக் 10. காசு கொடுத்து வாங்கும் உரத்துக்கு இந்த அளவு என்றால், இலவசமாகக் கொட்டுகிற கசடுக்கும் இதே அளவு வேண்டும். இலவசம் என்பதற்காக நஞ்சுக்குச் சலுகை கிடையாது.

முடியுமா? முடிந்திருக்கிறது

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். நடத்திக் காட்டிய இடம் உண்டு. அமெரிக்காவைப் புகழ்ந்து பேச நாங்கள் வரவில்லை, அங்கேயும் நிர்ப்பந்தம் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்று ஓர் ஊர். அந்த ஊரும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து ஒரு நகராட்சிக் கழிவுநீர் நிலையம் நடத்துகின்றன. தண்ணீர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் விழுகிறது. 1970-களில் அது விழும் இடத்துச் சேற்றில் வாழும் மட்டிகளின் உடம்பில் வெள்ளியும் தாமிரமும் மிக அதிகமாக இருந்தன. மட்டிகள் இனப்பெருக்கம் செய்யத் திணறின.

1972-ல் அங்கே தண்ணீர்ச் சட்டம் வந்தது. சாக்கடையில் விடும் முன் தொழிற்சாலையே முன்சுத்திகரிப்பு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. நிலையத்தையும் மேம்படுத்தினார்கள், அதோடு நிற்காமல் சாக்கடைக் குழாயின் வழியே பின்னோக்கிப் போனார்கள். வெள்ளி எங்கிருந்து வருகிறது? போட்டோ கழுவும் இடங்களிலிருந்து. அங்கேயே பிடிக்கச் சொன்னார்கள். தாமிரம் எங்கிருந்து? உலோகப் பட்டறைகள், குழாய் அரிப்பு, அப்புறம் சாக்கடைக் குழாய்க்குள் நுழையும் மரவேரைக் கொல்ல வீட்டுக்காரர்கள் ஊற்றுகிற மயில்துத்தம். நாம் போர்டோ கலவைக்கு வாங்குகிற அதே மயில்துத்தம்தான். அந்த வட்டாரத்தில் அந்த வேர்க்கொல்லியையே தடை செய்தார்கள். பல் மருத்துவமனையில் பாதரசத்தைப் பிடிக்க ஒரு வடிகட்டிக் கருவி வைக்கச் சொன்னார்கள். 2017-ல் அது அந்த நாடு முழுவதற்கும் விதியானது.

அந்நாட்டு அரசின் புவியியல் ஆய்வுத் துறை அந்த மட்டிகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் சோதித்தது. 1980-களில் நிலையத்திலிருந்து வரும் உலோகம் குறைந்தது. மட்டியின் உடம்பிலும் குறைந்தது. மட்டிகள் மறுபடியும் நன்றாக இனப்பெருக்கம் செய்தன. பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எந்தக் கதவு வழியாக வருகிறது என்று தேடிப் போய் அந்தக் கதவை அடைத்தார்கள்.

நம்ம நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. தோல் பதனிடும்போது போடுகிற குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவோடு போய்விடும். அந்தக் கழிவில் மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே போடலாம். சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமே இந்த முறையைப் பரப்பியது. ஆலைக்காரருக்கும் ரசாயனச் செலவு மிச்சம். முலாம் பட்டறையில் பொருளைத் தொட்டியிலிருந்து தூக்கியதும் அரை நிமிஷம் வடிய விட்டு, பிறகு கழுவினாலே சாக்கடைக்குப் போகும் உலோகம் நன்றாகக் குறையும். கழுவிய தண்ணீரில் சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்தால் மிச்சமும் பெருமளவு பிடிபடும். ஆறு இணைதிறன் குரோமியம் என்கிற கொடிய வகையாக இருந்தால், சுண்ணாம்புக்கு முன் வேறு ரசாயனம் போட்டு அதை மாற்ற வேண்டும். தனித்தனியாகச் செய்ய வசதியில்லாத சின்னப் பட்டறைகளுக்குப் பொதுவாக ஒரு முன்சுத்திகரிப்புக் கூடம் கட்டித் தர வேண்டியது அரசின் கடமை.

நமது கோரிக்கைகள்

1. நகராட்சி எல்லைக்குள் உலோகம் பயன்படுத்தும் ஆலை, பட்டறை, மருத்துவமனை எல்லாவற்றின் பட்டியலையும், எது எந்தச் சாக்கடையில் சேருகிறது என்ற விவரத்தோடு தமிழில் வெளியிடு!

2. நிலையத்துக்குள் வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர், கசடு ஆகிய மூன்றிலும் ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், பாதரசம், ஆர்செனிக், தாமிரம், துத்தநாகம் எட்டையும் மாதந்தோறும் சோதித்து ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டு! காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் மொண்டு போகிற சோதனை வேண்டாம். ராத்திரியில் திறந்து விடுகிறவன் அதில் சிக்க மாட்டான். 24 மணி நேரமும் சிறுகச் சிறுகச் சேர்த்த மாதிரி வேண்டும். மாதிரி எடுக்கும்போது விவசாயிகள் பிரதிநிதி கூட இருக்க வேண்டும்.

3. அளவு கூடினால் மேன்ஹோல் மேன்ஹோலாகப் பின்னோக்கிச் சோதித்து, எந்தத் தெரு, எந்தப் பட்டறை என்று கண்டுபிடி! பொதுச் சாக்கடைக்கான சட்ட அளவை அங்கே அமல்படுத்து!

4. சிறு பட்டறைகளுக்குப் பொது முன்சுத்திகரிப்புக் கூடம் கட்டு! தொழிலாளியின் வேலையைப் பறிக்காதே!

5. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவுக்குள் வராத கசடு ஒரு கூடைகூட வயலுக்கு வரக் கூடாது! மிஞ்சிய நஞ்சுக் கசடை கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பு!

6. தண்ணீர் திறக்கும் முன், ஆயக்கட்டு முழுவதும் மண்ணையும் கிணற்று நீரையும் நகராட்சிச் செலவில் உலோகத்துக்குச் சோதித்து, சர்வே எண் போட்டுச் சான்று கொடு! இது மிக முக்கியம், ஐயா. "உங்க மண்ணு முதலிலிருந்தே இப்படித்தான் இருந்துச்சு" என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. குத்தகை விவசாயியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

7. உலோக அளவு கூடிய அன்றே மதகை மூடும் அதிகாரம் விவசாயிகள் குழுவுக்கு எழுத்து மூலம் வேண்டும்!

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் எதுவும் நடக்காது. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஏழு கோரிக்கையையும் தீர்மானமாக்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஊருக்கு ஒரு மனு போடுங்கள். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும். "கடந்த ஓராண்டில் நிலையத்தின் தண்ணீரிலும் கசடிலும் மேற்கண்ட எட்டு உலோகங்களைச் சோதித்த அறிக்கையின் நகல் தருக." சோதித்திருந்தால் அளவு தெரியும். சோதிக்கவே இல்லை என்று பதில் வந்தால் அதுவே நமக்குப் பெரிய ஆதாரம்.

அறிக்கை கைக்கு வரும் வரை கசடு லாரியை ஊருக்குள் விடாதீர்கள். ஒருத்தர் வாங்கி இன்னொருத்தர் மறுத்தால் பயனில்லை. வாய்க்கால் ஒன்றுதான், காற்றில் பறக்கும் புழுதியும் ஒன்றுதான். வாய்க்கால் தண்ணீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறினால் நாள், நேரம் குறித்து வையுங்கள். செல்போனில் படம் எடுங்கள். வெறும் கையால் மொண்டு பார்க்காதீர்கள். களை எடுக்கப் போகும் பெண்கள்தான் நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நிற்பவர்கள். இந்தக் குழுவில் பாதிப் பேர் அவர்களாக இருக்க வேண்டும்.

நண்பர்களே! வறட்சி வந்தால் அடுத்த மழைக்குத் தாங்கலாம். வெள்ளம் வந்தால் மறுநடவு போடலாம். பூச்சி வந்தால் அந்தப் போகம் மட்டும்தான் போகும். மண்ணில் உலோகம் ஏறினால் நம்ம காலத்தில் இறங்காது, பேரன் காலத்திலும் இறங்காது. அந்த நிலத்தை விற்கவும் முடியாது, விளைந்ததைத் தைரியமாகச் சாப்பிடவும் முடியாது. நமக்கென்று இருப்பது இந்த அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும்தான்.

கோரிக்கை மனுவில் ஊருக்கு ஊர் கையெழுத்து வாங்கி வருகிறோம். நகராட்சி அலுவலகத்தின் முன் நடக்கப் போகும் காத்திருப்புப் போராட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். வரும்போது உங்கள் வயல் மண்ணில் ஒரு பிடி பொட்டலமாகக் கட்டி, மேலே சர்வே எண் எழுதிக் கொண்டு வாருங்கள். "தண்ணீர் திறக்கும் முன் இதைச் சோதித்துக் கொடு" என்று அலுவலகப் படியில் வரிசையாக வைப்போம்.

சுத்திகரித்த தண்ணீர் வேண்டும்! நஞ்சில்லாத தண்ணீராக வேண்டும்!

பட்டறை நஞ்சைப் பட்டறையில் பிடி! எங்கள் வயலில் கொட்டாதே!

உலோகச் சோதனை இல்லாத சான்றிதழ் செல்லாது, செல்லாது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!